விழுந்தால் யாரைக் கூப்பிடுவது

ஒரு குழாயில் ரத்தம் போகிறது, இன்னொன்றில் வருகிறது, இரண்டும் ஒரே சிவப்பு, எது போவது எது வருவது என்று இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, சிவப்பு கிளிப் மாட்டியது போவது, நீல கிளிப் மாட்டியது வருவது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பம்ப், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது சுற்றுகிற வரைக்கும் எல்லாம் சரி, நின்றால் என்ன என்று மட்டும் நினைக்கக்கூடாது, அப்படி நினைக்காமல் இருப்பதற்காகவே வாரத்தில் மூன்று மத்தியானம் இந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வந்து உட்காருகிறேன் போலிருக்கிறது. ஊசி ஏறிய இடது கையை என் வீட்டுக்காரர் குமரவேல் அசைக்கக்கூடாது. வலது கையால் கட்டில்மேல் கிடக்கும் என் செல்லைத் தட்டிக் காட்டுகிறார். "உன் டாக்டரு மறுபடியும் அனுப்பியிருக்காரு பாரு புள்ள." பார்க்காமலே தெரியும். காலையில் அனுப்பியதையே திரும்ப அனுப்பியிருப்பார். இன்னிக்கு விஜயதசமி மேகலா, புது வேலை தொடங்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது, எந்த மொழின்னு சாயந்திரத்துக்குள்ள சொல்லீரும்மா. எந்த மொழி என்றால் தமிழா இங்கிலீஷா என்று இல்லை. ஈரோட்டிலும் கரூரிலும் நாமக்கல்லிலும் இருக்கிற எங்கள் டயாலிசிஸ் சென்டர்களில் ஏதோ ஒரு நர்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பேஷண்ட் பெயரைத் தட்டினால், தலைமை ஆபீஸில் இருக்கிற சர்வர், இவர் எடை இவ்வளவு, உடம்பிலிருந்து இவ்வளவு தண்ணீர்தான் இறக்கலாம், இந்த மருந்து இவருக்கு ஆகாது என்று எடுத்துக் கொடுக்கிறதே, அந்தப் புரோகிராமைப் புதிதாக எழுதப்போகிறோம், அதை எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்பதுதான் கேள்வி. காசு கொடுத்து வாங்குகிற கம்பெனி மொழியா, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துபோட்டிருக்கிற மொழியா. கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் தலைவி, ஆகையால் நான்தான் சொல்ல வேண்டும். இந்த சென்டர்களை நடத்துகிற டாக்டர் அர்த்தநாரிக்கு மொழிகளின் ரகம் தெரியாது, விலையைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கவலைப்படமாட்டார், அவருக்கு இருப்பது ஒரே கேள்வி, ஒவ்வொரு மீட்டிங்கிலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதையே கேட்பார். "விழுந்தா யாரைக் கூப்பிடறதும்மா?"

விழுவது என்றால் சர்வர் வேலை செய்யாமல் நின்றுபோவது, எங்கள் ஆபீஸில் அதை விழுந்துருச்சு என்றுதான் சொல்வோம், பெரியவர் யாரோ பாத்ரூமில் விழுந்துவிட்ட மாதிரி, கேட்கிறவர்கள் எல்லாரும் உடனே எழுந்துவிடுவார்கள். கம்பெனி மொழி என்றால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது. எடுக்கிறார்களோ இல்லையோ, நம்பர் இருக்கிறது, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் கூப்பிட்டேன், இன்ன நேரத்துக்குக் கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பழி பாதி அங்கே போகும். நாங்கள் இத்தனை வருஷமாக வைத்திருப்பதும் கம்பெனி மொழிதான், பழையது. அதை விற்ற கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. வாங்கினவர்கள் சார்பாகப் போன மாசம் ஒருவர் வந்தார், நரசிம்மன் என்று பெயர், இஸ்திரி கலையாத நீலச்சட்டை, ஆபீஸில் கரெண்ட் இல்லை என்று அவரை இந்த சென்டருக்கே வரச் சொல்லியிருந்தேன், அது என் கிரகம். வெளி ஹாலில் பேஷண்டுகள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், முறை வருவதற்காகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கால் வீங்கி, வாயில் ஒரு ஏலக்காயை அடக்கித் தாகத்தை ஏமாற்றிக்கொண்டு. அத்தனை பேர் நடுவிலே நின்று அந்த மனிதர் சத்தமாகச் சொன்னார், "மேடம், உங்களுது எண்ட் ஆஃப் லைஃப் ஆகப்போகுது. வர்ற மார்ச்சோட சப்போர்ட் கிடையாது. நீங்க சீக்கிரம் புதுசுக்கு மாறிக்கணும்." ஒரு வரிசையே நிமிர்ந்து பார்த்தது. எல்லாருக்கும் புரிகிற இங்கிலீஷ்தான். நான் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு போய், சார் அதை இங்கே சொல்லாதீங்க என்றேன். அவருக்கு என்னவென்றே புரியவில்லை. "டெக்னிக்கல் டெர்ம்தானே மேடம்" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான், கோபப்பட்டு என்ன பிரயோஜனம், ஆனால் அன்றிலிருந்து அந்த மார்ச் என்னும் மாசம் எனக்குச் சரியாக இல்லை, காலண்டரில் பார்த்தால் யாருடைய மார்ச் என்று கேட்டுக்கொள்கிறது மனசு. மொழியுடையதா, இந்தக் கட்டிலில் படுத்திருப்பவருடையதா. மொழிக்கு ஆயுளைத் தீர்மானிக்கிறவன் எங்கோ கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கிறான், நம்மைக் கேட்டா தீர்மானிக்கிறான். புதுசுக்கு மாறினாலும் புதுசுக்கும் ஒரு நாள் அவனே தேதி குறிப்பான்.

"ஏன், மூஞ்சி இப்படி இருக்குது? என்னைப் பாக்க வந்தியா, போனைப் பாக்க வந்தியா?" என்கிறார் குமரவேல். போர் போடுகிற ரிக் வண்டி வைத்து ஆந்திராவரைக்கும் போய் வந்தவர், ஒரு காலத்தில் பாறை உடைகிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே பழக்கம், இப்போது அந்தக் குரல் எங்கே போயிற்று, காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. உங்களைத்தான் பார்க்கிறேன் என்றேன். அவரைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமம், பக்கவாட்டில் நேற்றைய சாமந்தி வாடித் தொங்குகிறது. நேற்று ஆயுத பூஜை. இந்த ஹாலில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துப் பொரியும் சுண்டலும் படைத்திருக்கிறார்கள், ஸ்பிரிட் வாடையோடு ஊதுவத்தி வாடையும் கலந்து ஏசி காற்றில் இன்னும் நிற்கிறது, எனக்கு அந்தக் கலவையே ஆகவில்லை. டெக்னீஷியன் பூபதிக்கு இதில் பெருமை வேறு. "எப்படிங்க மேடம் இருக்குது நம்ம அலங்காரம்? மைசூரு தசரா தோத்துருமுங்க" என்று வந்தவுடனே கேட்டான். நல்லா இருக்குப்பா என்றேன். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பொட்டைப் பார்த்தாலே எனக்குப் போன வருஷம் வந்து நின்றுகொள்கிறது, நான் என்ன செய்யட்டும். கம்பெனி மொழிக்கு ஒரு சாவி உண்டு, விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, பென் டிரைவ் போலவே இருக்கும், அது சர்வரில் செருகியிருந்தால்தான் புரோகிராம் ஓடும், செருகியிருந்தால்தான் நாம் காசு கொடுத்தவர்கள் என்று அதற்கு நம்பிக்கை. அதை எங்கள் ஆபீஸில் எல்லாரும் சாவி சாவி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். போன வருஷம் ஆயுத பூஜைக்கு வேன் சாவி, பீரோ சாவி, ஜெனரேட்டர் சாவி எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கின கை, பக்தியோடு இதையும் பிடுங்கி வைத்துச் சந்தனம் தடவிவிட்டது. யார் கை என்று இன்றுவரைக்கும் தெரியாது, தெரிந்தும் ஆகப்போவது இல்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகாமல் எடுக்கக்கூடாது. நான் அப்போது குமரவேலோடு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சாவி இல்லாமலும் கொஞ்ச நேரத்துக்குப் புரோகிராம் பொறுத்துக்கொண்டது, ராத்திரி முழுக்கக்கூடப் பொறுத்துக்கொண்டது, விடிந்ததும் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் ஷிப்டுக்கு எந்த சென்டரிலும் பெயர் திறக்கவில்லை. உரிமம் காணப்படவில்லை, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும். அவ்வளவுதான் எழுதியிருந்ததாம். சாவியைத் துடைத்துச் செருகினார்கள், உள்ளே சந்தனம் போய் இறுகியிருந்தது, அது செத்துவிட்டது. நம்பருக்குக் கூப்பிட்டார்கள், கம்பெனிக்காரன் தப்பாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை, மரியாதையாகப் பேசினான், புகார் எண் கொடுத்தான், புதுச் சாவி கூரியரில் வருகிறது என்றான். வரும் வரைக்கும் சென்டர்களில் ஞாபகத்தை வைத்து ஓட்டினார்கள். கரூரில் மரியதாஸ் என்று ஒருவர், தபால்காரராக இருந்து ரிடையர் ஆனவர், எப்போது போனாலும் என்னிடம் ஒரு சாக்லேட் கேட்பார், சாப்பிடக்கூடாது, இருந்தாலும் கேட்பார். அவருக்கு எவ்வளவு தண்ணீர் இறக்க வேண்டும் என்பதை ஒரு நர்ஸ் ஞாபகத்திலிருந்து சொன்னாள், அந்த ஞாபகம் பக்கத்துப் படுக்கைக்காரருடையது. நிறைய இறங்கிவிட்டது. பிரஷர் படுத்துவிட்டது. அன்றைக்குப் பிழைத்து வீட்டுக்குப் போனார், அடுத்த வாரம் அவருடைய நாற்காலியில் வேறொருவர் பையோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அர்த்தநாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு இதயமே பலவீனம்மா, எப்படியும் ஆகியிருக்கும்" என்றார். இருக்கலாம். எப்படியும் ஆகியிருக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம், எனக்குத்தான் அது இறங்கவில்லை. இந்த வருஷம் விட்டேனா, நேற்று லீவு நாளில் தலைமை ஆபீஸுக்குப் போய் பூஜை முடிகிறவரைக்கும் சர்வர் ரூம் வாசலில் நின்றேன், புதுச் சாவிமேல் சிவப்பு டேப் ஒட்டி, தொட்டால் வேலை போய்விடும் என்று எழுதி வைத்தேன். காவல் தெய்வம் மாதிரி நிக்கறீங்க மேடம் என்று எல்லாரும் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். சுண்டல் பொட்டலத்தைக்கூட அங்கேயே நின்றுதான் தின்றேன்.

பெனிட்டா அதனால்தான் சொல்கிறாள், "மேடம், நம்ம உசிரை அவன் சாவியில தொங்கவிட வேண்டாம். பி.எச்.பி.ங்கற திறந்த மொழியில எழுதுவோம். உள்ள என்ன இருக்குன்னு நாமளே பார்க்கலாம். நாமளே திருத்தலாம். எவனும் பூட்ட முடியாது." என் பிரிவிலேயே கெட்டிக்காரி அவள்தான், பேசும்போது கண் மின்னும், அவள் பேசுகிறபோது நானும் நம்புகிறேன். அவள் போன பிறகுதான் நம்பிக்கை இளைக்க ஆரம்பிக்கிறது. நாமளே, நாமளே என்கிறாளே, அந்த நாம் யார். அவள், நான், இன்னும் ஒரு பையன், அவனுக்கும் பெங்களூரில் இண்டர்வியூ. நாளைக்கு அவளுக்கே கல்யாணம் ஆகிக் கனடா போய்விட்டால், பிறகு நாமளே என்றால் நான் ஒருத்திதான், என் புருஷனுக்குப் பக்கத்தில் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நான். மொழி மட்டும் இலவசமாகக் கிடைத்தால் போதாது, அதோடு சேர்த்து எத்தனையோ பேர் எழுதிவைத்த சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்து ஒட்டித்தான் எதையும் கட்ட முடியும். அப்படி ஒரு துண்டு, கடவுச்சொல் சரியா என்று பார்க்கிற துண்டு, அதை எழுதினவரின் இண்டர்நெட் பக்கத்தை பெனிட்டா காட்டினாள். போட்டோ கிடையாது, ஒரு கிழட்டு நாயின் படம். பனி கொட்டுகிற ஏதோ ஊர். உலகத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரி, எத்தனையோ கடை, எத்தனையோ ஸ்கூல் இந்த ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதின துண்டின்மேல் நின்றுகொண்டிருக்கிறது. கடைசியாக அவர் எழுதியிருந்தது இரண்டே வரி. உடம்பு சரியில்லை. கொஞ்ச நாள் வரமாட்டேன். அது போன வருஷம். அதற்குக் கீழே நீளமாக வரிசை, நன்றி ஐயா, சீக்கிரம் குணமாகுங்கள், இந்தப் பிழையை எப்போது சரிசெய்வீர்கள், யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா. நான் அதை ஏன் வாசித்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம். "அவர் போனாலும் அவர் எழுதினது இங்கதான இருக்கு மேடம், யாராச்சும் எடுத்து நடத்துவாங்க" என்கிறாள் பெனிட்டா. யாராச்சும். அந்த மனிதருக்கு என்ன உடம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. அவரும் இதே போல ஒரு மெஷின் பக்கத்தில் கிடக்கிறாரோ, ஒரு குழாயில் போய் ஒரு குழாயில் வந்துகொண்டு, அந்த நாய் வீட்டில் தனியாக இருக்கிறதோ. கம்பெனிக்காரனுக்கு நம் கழுத்தைப் பிடிக்கத் தெரியும், ஆனால் ஆள் இருக்கிறான். இங்கே கழுத்தைப் பிடிக்க யாரும் இல்லை, விழுந்தால் கையைப் பிடிக்கவும் யாரும் இல்லை. எனக்கு இரண்டும் பயமாக இருக்கிறது, எது பெரிய பயம் என்று எடைபோடத்தான் இத்தனை மீட்டிங்.

கையில் கட்டியிருக்கிற பட்டை தானாக இறுகி, தானாகத் தளர்ந்து, பிரஷரைக் காட்டிவிட்டு ஓய்கிறது. பரவாயில்லை, நல்ல பிரஷர். குமரவேல் கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிறாரா சும்மா மூடியிருக்கிறாரா என்று இமையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என் வேலை. தூங்குகிறார். எங்கோ ஒரு மெஷின் கீச் கீச் என்கிறது, பூபதி நடந்தபடியே எட்டி அதன் வாயை அடக்கும் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறான், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை, இங்கே யாரும் பார்ப்பதில்லை, அது எதற்கெடுத்தாலும் கத்துகிறது என்று இவர்களுக்குச் சலித்துவிட்டது. குழாய் கொஞ்சம் மடங்கினாலும் கத்தும், பேஷண்ட் இருமினாலும் கத்தும். சலிப்பு வராமல் எப்படி இருக்கும். மெஷினையும் சும்மா சொல்லக்கூடாது, இதற்குள்ளும் ஒரு புரோகிராம் ஓடுகிறது, யாரோ எழுதியது, எந்த மொழியோ, இதைத் திறந்து பார்க்க இந்த ஊரில் ஒருவருக்கும் உரிமை இல்லை, திருகாணிமேல் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, கிழித்தால் வாரண்டி போய்விடும். அப்படியும் நம்பித்தானே இவரைப் படுக்க வைத்திருக்கிறேன். நம்புவதற்கு உள்ளே பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம், பஸ் டிரைவரின் லைசென்ஸைப் பார்த்துவிட்டா ஏறுகிறோம். அதுதான் சரி. பெனிட்டா சின்னப் பெண், அவளுக்கு விழுந்து பழக்கமில்லை. எனக்கு வேண்டியது ஒரு நம்பர். என்னால் ராத்திரி தூங்க முடிய வேண்டும், இவர் பக்கத்தில் உட்காரும்போது இவரை மட்டும் நினைக்க முடிய வேண்டும், விழுந்தால் தூக்குவதற்கு என்னைவிடப் பெரிய கை ஒன்று எங்கோ இருக்க வேண்டும். ஆசைதான் இது, கோழைத்தனம் என்றாலும் சரி. செல்லை எடுத்தேன். சார், கம்பெனி மொழியே போகலாம் என்று அடித்தேன். போகலாம் என்பதை அழித்துவிட்டு இருக்கட்டும் என்று மாற்றினேன். அனுப்பப் போகிற விரல் ஒரு நொடி நின்றது, என்னவோ குறைகிறது, காதில் எப்போதும் இருக்கிற ஏதோ ஒன்று இல்லை, அது என்ன என்று தேடினேன். பம்ப் சுற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் மெஷின் கத்தியது, வழக்கமான கீச் இல்லை, விடாத ஒரே ஊதல். பூபதி வந்தான், வந்த வேகத்தில் வாயை அடக்கினான், பழக்கம், அடக்கிவிட்டுத்தான் திரையைப் பார்த்தான், முகம் மாறிவிட்டது. திரை முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு இங்கிலீஷ் வரி, உள் பிழை, சேவைப் பிரிவை அழைக்கவும், அதற்குக் கீழே ரகசிய எண் கேட்டு ஒரு கட்டம். "ஒண்ணும் இல்லீங்க மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா வந்துரும்" என்றான். பண்ணினான். மறுபடியும் அதே வெள்ளை, அதே கட்டம். குழாயில் சிவப்பு நிற்கிறது, போகவும் இல்லை வரவும் இல்லை, அப்படியே நிற்கிறது, நிற்கிற ரத்தம் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும், உறைந்தால் பிறகு உடம்புக்குள் விட முடியாது, எறிய வேண்டியதுதான், ஒரு டம்ளர் ரத்தம், ஏற்கனவே ரத்தம் இல்லாமல் வெளுத்துக் கிடக்கிற ஆளிடமிருந்து. பூபதி தன் செல்லில் கம்பெனி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கட்டிலில் எறிந்தான். ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. அப்புறம் புல்லாங்குழல். அவன் அதற்குள் மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்தான். "கையில சுத்தி ரத்தத்தை உள்ள ஏத்திரலாமுங்க, பயப்படாதீங்க, பம்ப்புக்கு கைப்பிடி பின்னாடியே மாட்டியிருக்கும்" என்றவன் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தான். "என்னப்பா?" என்றேன். "நேத்துப் பூஜைக்கு… எல்லா மெஷின் கைப்பிடியும் கழட்டி, கழுவி, பொட்டு வெச்சமுங்க மேடம். ஆயுதமுங்களே. பீரோவுல இருக்குதுங்க. சாவி இன்சார்ஜ் ரேவதி அக்காகிட்ட. அக்கா பாப்பாவை எழுத்துக்கு உக்கார வெக்கக் கோயிலுக்குப் போயிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, கடவுளே, உண்மையாகவே சிரிப்புத்தான் முதலில் வந்தது, நேற்று முழுக்க நான் எங்கோ ஒரு வாசலில் நின்று எந்தச் சாவியைக் காத்துக்கொண்டிருந்தேன்.

பீரோ ஹாலின் கோடியில், கண்ணாடிக் கதவு. உள்ளே எல்லாம் தெரிகிறது. கைப்பிடிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம், கொஞ்சம் மல்லிகை, முன்னால் தேங்காய் மூடி. பார்க்க அழகாக இருக்கிறது, அதற்காகவே எனக்கு வெறி பிடித்தது. பூபதி பூட்டைப் பிடித்து ஆட்டுகிறான், மறு கையால் பக்கத்து மேஜையில் இருக்கிற சென்டர் போனில் ரேவதியைக் கூப்பிடுகிறான், கோயிலில் யார் போனை எடுப்பார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் திருகுகிற ஸ்பானர் ஜன்னல்மேல் இருந்தது. அதை எடுத்தது நான்தான் என்று கண்ணாடி உடைந்த பிறகே தெரிந்தது. எல்லாப் படுக்கையிலும் தலை திரும்பியது. "மேடம், பூஜை வெச்சது, இன்னும் மறுபூஜை…" என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கைப்பிடியை எடுத்துக்கொண்டு ஓடினோம். அவன் சிவப்புப் பக்கத்தைக் கிளிப்பால் அடைத்து, அந்த இடத்தில் சலைன் குழாயை மாட்டி, பம்ப்பின் மூடியைத் திறந்தான். "மேடம், நீங்க சுத்துங்க. அம்புக்குறி பக்கமாத்தான், மெதுவா. நான் இந்தக் குடுவையைப் பாக்கணும், மெஷின் செத்துக் கிடக்குது, காத்துக் குமிழி உடம்புக்குள்ள போனா அது சொல்லாது. நர்ஸு டீ குடிக்கப் போயிருக்காங்க, ஆள் இல்லீங்க." நான் சுற்றினேன். கனமாக இருந்தது, நான் நினைத்ததைவிடக் கனம், மாவாட்டுகிற மாதிரி தோளிலிருந்து சுற்ற வேண்டியிருந்தது. சந்தனம் காய்ந்து சொரசொரவென்று உள்ளங்கையை அறுத்தது, வியர்வையில் குங்குமம் கரைந்து மணிக்கட்டுவரைக்கும் இறங்கியது. குழாயில் நின்ற சிவப்பு துளியளவு அசைந்தது. அசைந்து, நீலக் கிளிப்பின் பக்கம் நகர்ந்தது. குமரவேல் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், எப்போதிலிருந்தோ, என்னையே பார்க்கிறார். "ரிக்குக்கு ஆள் வேணும்னு சொல்லியிருந்தா உன்னையே வெச்சிருப்பேனே புள்ள" என்றார். உதடு வெளுத்திருந்தது. பேசாதீங்க என்றேன். எனக்கு அழுகை வந்தது, அதைத் துடைக்கக் கை இல்லை.

என் செல் அடித்தது. டாக்டர் என்று திரையில். விடுங்க என்று தலையை ஆட்டினேன், குமரவேல் கேட்கவில்லை, வலது கையால் எடுத்து ஸ்பீக்கரைத் தட்டி என் வாயருகே நீட்டிப் பிடித்துக்கொண்டார். "என்ன மேகலா, சாயந்திரம் ஆச்சும்மா, முடிவு பண்ணியாச்சா?" என்றார் அர்த்தநாரி. பிறகு, "அங்க என்ன பாட்டு?" என்றார். கட்டிலில் பூபதியின் செல்லில் புல்லாங்குழல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் நடுநடுவே வந்து நாங்கள் மிகவும் முக்கியமானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். "கம்பெனிப் பாட்டு சார். மெஷின் நின்னுருச்சு. என் வீட்டுக்காரருக்குக் கையில சுத்தி ஏத்திட்டு இருக்கோம்." அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். "பூபதி இருக்கானா? காத்து, காத்தைப் பாக்கச் சொல்லு" என்றார், வேறு குரல், டாக்டர் குரல். பாக்கறேன் சார் என்று கண்ணை எடுக்காமல் கத்தினான் பூபதி. "நான் இதோ கிளம்பி வர்றேன், வேற பேச்சு அப்புறம்" என்றார். அப்புறம் என்று விட்டால் நான் மறுபடியும் அந்த நம்பருக்கே போய்விடுவேன், எனக்கு என்னைத் தெரியும். "இல்ல சார், இப்பவே சொல்லீர்றேன். திறந்த மொழியில நாமளே எழுதறோம். சர்வர் விழுந்தாலும் ஒவ்வொரு சென்டர்லயும் பேஷண்ட் எடை கையில கிடைக்கற மாதிரி எழுதறோம். பெனிட்டாகிட்டயும் நானே சொல்லிக்கறேன்." மூச்சு வாங்கியது. வாய் பேசினாலும் கை சுற்றிக்கொண்டே இருந்தது, அம்புக்குறி பக்கமாக, மெதுவாக. அந்தப் பக்கம் அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். "சரி. அப்ப விழுந்தா யாரைக் கூப்பிடறதும்மா?"

"என்னை" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் முழுசாக வந்து உட்கார்ந்தது, மரியதாஸ் வந்தார், பனி ஊரிலிருந்து அந்த நாய் வந்தது, மார்ச் வந்தது, அத்தனையும் இனி என் நம்பருக்குத்தான் கூப்பிடும். "குமிழிங்க!" என்று பூபதி கத்திக் குழாயை இறுக்கிப் பிடித்தான், நான் நிறுத்தினேன், அவன் குடுவையை விரலால் தட்டித் தட்டி அதை மேலே ஏற்றினான், நானும் மூச்சுவிடாமல் அதையே பார்த்தேன். "ம், சுத்துங்க" என்றான். சுற்றினேன்.